உள்ளிருந்து திறக்கும் முறை

மஞ்சள் கோடு மறுபடியும் திரும்பியிருந்தது.

ஜாஸ்லின் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே குனிந்து பார்த்தாள். குளிர் அறைக் கதவின் வெளிப்பக்கம், நீளக் கைப்பிடிக்கு ஒரு சாண் கீழே, ஒரு நட்டு துருத்திக்கொண்டிருக்கும். கதவின் கனம் முழுவதையும் துளைத்துக்கொண்டு உள்ளேயிருந்து வரும் கம்பியின் வால் அது. அந்த நட்டின் மேலும் கதவுத் தகட்டின் மேலும் சேர்த்து, எலக்ட்ரீஷியன் ராஜ்குமார் மஞ்சள் பெயிண்டால் நேராக ஒரு கோடு இழுத்திருந்தான். ஓசூரில் எந்தத் தொழிற்சாலையில் நாலு மாதம் வேலை பார்த்தவனுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். முடுக்கிய நட்டுக்கு மஞ்சள் கோடு. கோடு உடைந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். நேற்று மாலை அவள் கதவை மூடும்போது கோடு நேராக இருந்தது. இப்போது நட்டின் மேலிருந்த பாதி மட்டும் தனியே பிரிந்து, கடிகாரத்தில் பத்து மணி காட்டும் சின்ன முள்ளைப் போல இடது பக்கம் சாய்ந்திருந்தது. வெளியேயிருந்து பார்க்கிறவருக்கு இடது. உள்ளே நிற்பவருக்கு வலது.

எத்தனை சுற்று சுற்றி வந்து அங்கே நின்றது என்று கோடு சொல்லாது.

உள்ளே யாரும் இல்லை. முந்நூறு வாளி ரோஜா இருந்தது. பேரிகை ரோட்டிலிருந்து பிரியும் மண்பாதையில் வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் கூடாரப் பாலிஹவுஸ்களில் வெட்டி, இந்த ஷெட்டில் முள் எடுத்துக் கட்டி, ரெண்டு டிகிரி குளிரில் வைத்து, ஜூஜுவாடி எல்லை தாண்டி விமானத்துக்கு அனுப்புகிற பூ. ஜாஸ்லின் இந்த ஷெட்டுக்கு சூப்பர்வைசர். மூன்று வாரமாகக் காலையில் வந்ததும் அவள் முதலில் பார்ப்பது பூவை அல்ல, இந்தக் கோட்டைத்தான்.

"கம்ப்ரசர் ஓடுதுல்ல மேடம், அந்த அதிர்வுல நவுந்துருக்கும்" என்றான் ராஜ்குமார். நெற்றியில் விபூதியும் கையில் சந்தனக் கிண்ணமுமாக அவன் அன்றைக்கு எலக்ட்ரீஷியனாகவே தெரியவில்லை. ஆயுத பூஜை.

"அதிர்வுல நட்டு கழலும் ராஜ்குமார். இறுகுமா?"

அவன் நட்டிலிருந்து பார்வையை அகற்றிக்கொண்டான். "இன்னிக்கு ஸ்பேனரத் தொட முடியாதுங்க. எல்லாத்தையும் சாமிகிட்ட வெச்சாச்சு. நாளைக்கும் லீவு. நாளன்னிக்கு வந்து மொத வேலையா கழட்டி நேர் பண்ணித் தரேன்."

அது அந்த ஷெட்டின் சட்டம். பூஜையில் வைத்த கருவியை அதை எடுக்கும் வேளை வருகிற வரை யாரும் தொட மாட்டார்கள். கத்தரி, முள் உரிக்கும் இடுக்கி, ஸ்பேனர் பெட்டி எல்லாம் வாழை இலை மேல் குங்குமம் வைத்துக்கொண்டு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. ஜாஸ்லின் மத்திகிரி சர்ச்சில் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள்; ஆனாலும் ஒன்பது வருடமாக இந்தப் பூஜைப் பொரிகடலையை வேண்டாமென்று சொன்னதில்லை. இது ரெண்டு நாள் தள்ளிப்போனால் என்ன என்று அவளுக்கும் தோன்றியது. ஸ்பேனர் இல்லாமலே கழற்றலாம். உள்ளே போய்க் குமிழைக் கையால் இடது பக்கம் ரெண்டு சுற்றுச் சுற்றினால் போதும். அதை ராஜ்குமாரிடம் அவள் சொல்லவில்லை. அந்தக் குமிழை அவள் ஒரு நாளும் தொட்டதில்லை. தொடுகிற எண்ணமும் இல்லை.

குமிழைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கதவின் உட்புறத்தில் இருக்கிறது அது. உள்ளே மாட்டிக்கொண்டவர் வெளியே வருவதற்கென்று வைத்தது. உள்ளங்கை அகலம், வெளிர் பச்சை, இருட்டில் ஒளிரும். மிட்டாய் ஜாடி மூடியைப் போல விளிம்பு முழுக்கப் பள்ளமும் மேடுமாக வரி. அதைப் பார்த்த எந்தக் கையும் விரல்களை அந்த வரியில் பதித்துத் திருகும். ஊறுகாய் பாட்டிலிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை அந்தக் கை கற்றுக்கொண்டது அதுதான். ஆனால் இது திருகுகிற குமிழ் அல்ல. தள்ளுகிற குமிழ். உள்ளங்கையை வைத்து நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினால் கம்பி வெளியே போய்க் கொக்கியைத் தூக்கும்; கதவு திறக்கும். அப்படியென்றால் வரி எதற்கு? கதவை மாட்டுகிறவன் கம்பியின் நீளத்தைச் சரிபார்த்து முடுக்க. ஒரே ஒரு நாள் ஒரே ஒருவனுக்கு வேண்டியதற்காக அந்த வரி. பயத்தில் யாராவது வலது பக்கம் திருகினால் கம்பி கதவோடு இறுகும். இறுகிய பிறகு யானை வந்து தள்ளினாலும் போகாது.

செல்லி அப்படித்தான் திருகியிருந்தாள்.

ஏழு மாதத்துக்கு முன், மாசியில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கடைசி வாளிகளை வைக்கப் போனவளுக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மின்சாரம் மிச்சமாகட்டும் என்று அந்தக் கதவுக்கு ஸ்பிரிங் போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு அபாய மணி பொத்தான் இருந்தது. ஆனால் விளக்கு ஸ்விட்ச் இருக்க வேண்டிய இடத்தில் அதை வைத்துவிட்டு, விளக்கு ஸ்விட்சைக் கதவுக்கு வெளியே வைத்திருந்தார்கள். உள்ளே போகிற ஆளெல்லாம் விளக்கென்று நினைத்து அதை அமுக்க, ஒரு நாளைக்குப் பத்து தடவை சைரன் அலற, தலைவலி தாங்காமல் மேலே சொல்லி ராஜ்குமாரை விட்டு ஒயரைப் பிடுங்க வைத்தாயிற்று. கம்பெனி வண்டி செல்லி இல்லாமலே கிளம்பியது. வீட்டில் ஓவர்டைம் என்று நினைத்துக்கொண்டார்கள். திங்கள் காலை கதவைத் திறந்தபோது, அவள் குமிழுக்கு நேர் கீழே முதுகைக் கதவில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். ரெண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. அது பச்சைக் குமிழின் வரிகளில் இருந்தது.

கதவு விற்ற கம்பெனியிலிருந்து ஆள் வந்து, குமிழை இடது பக்கம் ரெண்டு சுற்றுச் சுற்றித் தளர்த்தி, ஒற்றைக் கையால் தள்ளிக் காட்டினான். வெண்ணெய் போலத் திறந்தது. "பாருங்க சார், கதவுல ஒரு கோளாறும் இல்ல." அப்புறம் எல்லோரும் ஜாஸ்லினைப் பார்த்தார்கள். "ஏம்மா, அவளுக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?"

"மூணு தடவ சொன்னேன் சார்" என்றாள் ஜாஸ்லின்.

மேசையிலிருந்து நீல நிறப் பயிற்சிப் பதிவேட்டையும் எடுத்துக் கொடுத்தாள். 'குளிர் அறைக் கதவு - உள்ளிருந்து திறக்கும் முறை' என்று தலைப்பு. கீழே நாற்பத்திரண்டு பெயர். வெளிநாட்டு ஆடிட் வருகிறதென்று ஒரு சாப்பாட்டு வேளையில் வரிசையாக நிற்க வைத்து வாங்கிய கையெழுத்தும் ரேகையும். முள் குத்தாமலிருக்கப் பெண்கள் விரலில் சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டிச் சுற்றியிருப்பார்கள். செல்லி அந்தக் கீற்றை அவிழ்த்துவிட்டுப் பெருவிரலை மையில் ஒற்றியதும், "இது எதுக்கு மேடம்?" என்று கேட்டதும், "ஒண்ணுமில்ல, போய்ச் சாப்புடு" என்று தான் சொன்னதும் ஜாஸ்லினுக்கு நன்றாக நினைவிருந்தது. யாரையும் அவள் கதவுப் பக்கம் கூட்டிப்போகவில்லை. கூட்டிப்போயிருந்தாலும் என்ன சொல்லியிருப்பாள்? அந்தக் குமிழைத் தள்ள வேண்டும் என்பது அவளுக்கே அந்த ஆள் தள்ளிக் காட்டிய நிமிடம்தான் தெரிந்தது. தனக்கே தெரியாததை மூன்று தடவை சொன்னேன் என்று சொல்லியிருந்தாள்.

'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதி முடித்தார்கள். குமிழை மாற்றவில்லை. ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஏற்கனவே ஆங்கிலத்தில் ஒன்று இருந்தது. தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று, தெலுங்கில், இந்தியில், ஒரு கைப் படம், ஒரு சிவப்பு முக்கோணம். கதவென்றால் பார்த்த கைக்குத் தெரிய வேண்டும். இந்தக் கதவுக்கு ஒரு நோட்டீஸ் போர்டு தேவைப்பட்டது. அதையும் விளக்கு எரிந்தால்தான் படிக்க முடியும்.

பதினொரு மணிக்குப் பூஜை முடிந்தது. சாந்தம்மா சந்தனக் கிண்ணத்தோடு குளிர் அறைக்கு வந்தாள். முள் எடுக்கும் பெண்களில் மூத்தவள், பேரிகையில் செல்லிக்குப் பக்கத்து வீடு. கதவின் வெளிப்பக்கம் மூன்று பொட்டு வைத்தாள். உள்ளே போய், ஸ்டிக்கர்களின் மேல் வைத்தாள். கடைசியாகக் குமிழின் மேல் கை நிறையச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டாள். பச்சை துளிகூடத் தெரியவில்லை.

வெளியே வந்தவள் ஜாஸ்லின் முன்னால் நின்றாள்.

"ஏன் மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? செல்லிக்கு நெஜமாவே சொல்லிக் குடுத்தீங்களா?"

"மூணு தடவ சொன்னேன் சாந்தம்மா."

"எனக்குச் சொல்லலியே மேடம். நானும் தான ரேகை வெச்சேன்."

ஜாஸ்லினுக்குக் காது சூடேறியது. "அன்னிக்கு நீ வரல. அப்புறமா வெச்ச" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். சாந்தம்மா கையிலிருந்த சந்தனத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனாள். பன்னிரண்டரைக்கு வண்டி எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஜாஸ்லின் ஏறவில்லை. காவேரிப்பட்டினத்தில் அம்மா வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் இருந்துவிட்டு வருவதாகக் கணவன் லியோவிடம் சொல்லியிருந்தாள்; பெரிய ரோட்டுக்கு நடந்து பஸ் பிடிக்க வேண்டும். அம்மாவிடம் வருவதாகச் சொல்லவில்லை. திடீரென்று போய் நிற்கலாமென்று நினைத்திருந்தாள்.

ஒரு மணிக்கு எழுத வேண்டிய வெப்ப அளவு மட்டும் மிச்சம். கதவுக்கு வெளியே எண் காட்டும் மீட்டர் ஒன்று இருக்கிறது. ஆனால் படிவத்தில் எழுத வேண்டியது உள்ளே, கோடிச் சுவரில் தொங்கும் வெப்பமானியின் அளவை. ஏனென்று கேட்டால் படிவம் அப்படி. செல்லி போன பிறகு உள்ளே போகிற யாரும் இரும்பு ஸ்டூலைக் கதவுக்கு அண்டை கொடுக்காமல் போவதில்லை. ஜாஸ்லின் ஸ்டூலைத் தேடினாள். அதன் மேல் மாலை போட்ட சாமி படம் இருந்தது. பக்கத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை நகர்த்த அவளுக்குக் கை வரவில்லை. ஒரு பூ வாளியில் பாதி தண்ணீர் பிடித்து அண்டை கொடுத்துவிட்டு, கைப்பையையும் போனையும் மேசை டிராயரில் போட்டுவிட்டு, உள்ளே போனாள். கோடிச் சுவருக்கு இருபது எட்டு வைக்க வேண்டும்.

பதினைந்தாவது எட்டில் பின்னால் சரசரவென்று ஒரு சத்தம். கழுவிவிட்ட ஈரத் தரையில் வாளி சறுக்கிக்கொண்டு போகிற சத்தம். அவள் திரும்பினாள். கதவு நிதானமாக, அவசரமே இல்லாமல், வாளியை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு வந்து சாத்திக்கொண்டது.

தக்.

பயப்பட ஒன்றுமில்லை என்று வாய்விட்டுச் சொன்னாள். மேலே காற்றாடிகள் ஓடிய இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. விளக்கு எரிந்தது. முறை தெரியும். இடது ரெண்டு சுற்று, அப்புறம் தள்ளு. இந்த ஷெட்டில் அதை நன்றாகத் தெரிந்த ரெண்டே பேரில் அவள் ஒருத்தி. வெப்பமானியைக்கூடப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள். ரெண்டு டிகிரி. ரோஜாவின் பச்சைத் தண்டு வாசனையும் குளோரின் தண்ணீர் வாசனையும், பூஜைக்குக் கட்டிய காட்டன் பட்டுப் புடவைக்குள் முதுகில் ஏறும் குளிரும்.

கதவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி உண்டு. அதில் காக்கிச் சட்டை தெரிந்தது. செக்யூரிட்டி அழகர்சாமி. ஜாஸ்லின் ஓடினாள். கண்ணாடியில் தட்டினாள். கத்தினாள். அரை அடிக் கனத்துக்கு ஃபோம் அடைத்த கதவு. வெளியே அவர் பொரிப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஷெட்டைச் சுற்றிப் பார்வையை ஓட்டினார். வாய் அசைந்தது. 'யாராச்சும் இருக்கீகளா?' என்று கேட்கிறார். உசிலம்பட்டிக்காரர், எப்போதும் கேட்பார். பதில் இல்லை. ஸ்விட்ச் போர்டு பக்கம் திரும்பினார். அதற்கு மேலேயும் ஒரு ஸ்டிக்கர்: கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைக்கவும்.

இருட்டு.

சற்று நேரத்தில் ஷட்டர் இறங்கும் அதிர்வு தரை வழியாகக் காலில் தெரிந்தது. கண்ணாடியில் மட்டும், வெளியே கூரைத் தகட்டின் வழியே விழுகிற பகல், ஒரு அகல் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒளிர வேண்டிய குமிழ் ஒளிரவில்லை. சந்தனம். கதவைத் தடவினாள். ஸ்டிக்கர், ஸ்டிக்கர், ஸ்டிக்கர். விரல் நுனியில் ஒரு எழுத்தும் படவில்லை. ஈரமாகக் குழகுழவென்று எதிலோ கை அழுந்தியது. புடவைத் தலைப்பால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை வெளியே வந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு அந்த வரிகளின் மேல் முதல் தடவையாக அவள் விரல்கள்.

இடது பக்கம் திருகினாள். வரவில்லை. இறுகியிருந்தது. எத்தனை சுற்று இறுகியதோ, எத்தனை ராத்திரி. புடவையைச் சுற்றிக்கொண்டு ரெண்டு கையாலும் பலம் கொடுத்தாள். கிறீச்சென்றது. அசைந்தது. கால் சுற்று. அரைச் சுற்று. அப்பாடா என்று கையை எடுத்து வாயால் ஊதிக்கொண்டாள்.

கிறீச்.

அவள் கை வாயருகே இருந்தது. பச்சை வட்டம் இருட்டில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. வலது பக்கம். அரைச் சுற்று போய், முட்டி, நின்றது. பிறகு இன்னும் கொஞ்சம். முக்கி முக்கி. கை வலிக்கிற ஒருவர், வலித்தாலும் விடாமல் திருகுவது மாதிரி.

கம்ப்ரசர் அதிர்வு என்று நினைக்கப் பார்த்தாள். நினைக்க முடியவில்லை.

காத்திருந்தாள். அது நின்றதும் மறுபடி பிடித்தாள். இடது. கால் சுற்று. அரை. முக்கால். இந்தத் தடவை கையை எடுக்கவில்லை. எடுக்காமலே அது அவள் பிடிக்குள் திரும்பி வலது பக்கம் போனது. விரல்கள் வரியில் சறுக்கின. எரிந்தது. யேசுவே, யேசுவே என்று சொல்லிக்கொண்டே மறுபடியும். மறுபடியும். நேரம் எவ்வளவு ஆனதென்று தெரியவில்லை. கால் கட்டை விரல்கள் இருப்பது தெரியவில்லை. பல் அடித்துக்கொள்வது முதலில் நின்றது. அது நல்லதற்கல்ல என்று எங்கோ படித்திருந்தாள். லியோ போன் அடிப்பான். டிராயருக்குள் அடிக்கும். அம்மா வீட்டில் டவர் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொள்வான். நாளைக்கும் அடித்துப் பார்ப்பான். நாளை மறுநாள் ராஜ்குமார் ஸ்பேனரோடு வருவான். மொத வேலையா.

மணி போன கணக்கே இல்லை. கண்ணாடியில் இருந்த வெளிச்சம் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு வந்திருந்தது.

ஏதோ ஒரு தடவை குமிழைப் பிடித்தபோது, அவள் கைக்கு அடியில் இன்னொரு கை இருந்தது.

ஐஸ் இல்லை. ஐஸைவிட மோசம். ஈரம். தோல் இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பு. பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மட்டும் சொரசொரப்பாக ரப்பர். சைக்கிள் டியூப் கீற்று.

ஜாஸ்லின் கத்தினாள். கத்தினாளா என்பது அவளுக்கு உறுதியில்லை.

அந்தக் கை அவளை ஒன்றும் செய்யவில்லை. அவளைப் பொருட்படுத்தவே இல்லை. திருகியது. வலது. நின்று மூச்சு வாங்கியது. திருகியது. ஒருவரைக் கொல்ல நினைக்கிற கை அப்படித் திருகாது. வெளியே போக நினைக்கிற கைதான் திருகும். எப்படித் திறப்பதென்று தெரியாத கை. யாரும் சொல்லிக் கொடுக்காத கை.

ஜாஸ்லினுக்கு அழுகை வந்தது. பயத்தைத் தாண்டி, ஏழு மாதமாகத் தொண்டைக்குக் கீழே வைத்திருந்தது வந்தது.

"செல்லி" என்றாள். உதடு ஒட்டிக்கொண்டது. "திருகாத செல்லி. திருகக் கூடாது. இடது பக்கம் ரெண்டு சுத்து. அப்புறம் தள்ளணும்."

கை திருகியது.

"நான் உனக்குச் சொல்லவே இல்ல. எனக்கே தெரியாது செல்லி. பொய் சொன்னேன்." கதவைப் பிடித்தபடியே கீழே சரிந்தாள். "இடது பக்கம். சோத்துக் கைப் பக்கம் இல்ல. இந்தப் பக்கம். அப்புறம் தள்ளு."

கை நின்றது.

காற்றாடி இரைச்சல் மட்டும்.

"இடது பக்கம் ரெண்டு சுத்து" என்றாள் மூன்றாவது தடவை. "தள்ளு."

கிறீச். பச்சை வட்டம் திரும்பியது. இடது. முழுச் சுற்று. இன்னொன்று. இன்னும் இன்னும், ராத்திரி ராத்திரியாக இறுக்கியதெல்லாம் கழன்று வருவது போல. பிறகு அது உள்ளே போனது, ஒரு பெருமூச்சோடு. கொக்கி தூக்கிக்கொண்டது.

கதவு திறந்தது. சாம்பிராணி. வாழை இலை. கதகதப்பு. ஜாஸ்லின் எழப் பார்த்தாள். கால் வரவில்லை. அவளைத் தாண்டி ஈரப் புடவை ஒன்று கன்னத்தில் உரசிக்கொண்டு போனது. அவள் கையை நீட்டினாள். "செல்லி, கதவப் புடி. கதவப் புடி செல்லி."

கதவு நிதானமாக வந்தது.

தக்.

பரவாயில்லை. முறை தெரியும். கதவில் தோளைக் கொடுத்து, தேய்த்துக்கொண்டே எழுந்தாள். குமிழ் இப்போது தளர்ந்திருக்கிறது. உள்ளங்கையை வைத்துத் தள்ளினால் போதும். வைத்தாள். விரல்கள் மடங்கின. வரியில் பதிந்தன. வேண்டாம் என்றாள். திருகின. வலது. தள்ளு என்றாள். திருகின. தன் கைதான். அவள் சொல்வதை அது கேட்கவில்லை. பயந்த கைக்கு அந்த வட்டமும் வரியும் மட்டுமே தெரிந்தன.

கண்ணாடியில் முகத்தை அழுத்தினாள்.

வெளியே மஞ்சள் வெயில். அவள் மேசை. அவள் நாற்காலியில் ஒருத்தி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேசை மேல் நீலப் பதிவேடு திறந்திருந்தது. உட்கார்ந்திருந்தவள் பெருவிரலிலிருந்து ரப்பர் கீற்றை நிதானமாக அவிழ்த்தாள். மைப் பெட்டியில் ஒற்றினாள். தாளில் வைத்து அழுத்தினாள். நெடுநேரம்.

பிறகு எழுந்து, பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு வந்தாள். கண்ணாடியில் பக்கத்தை ஒட்டிக் காட்டினாள். நாற்பத்திரண்டு பெயருக்குக் கீழே நாற்பத்து மூன்றாவது. ஜாஸ்லின். ஜாஸ்லினுடைய கையெழுத்திலேயே இருந்தது. பக்கத்தில் நீல மையில் ஒரு பெருவிரல் அடையாளம். அதில் ஒரு ரேகைகூட இல்லை.

பதிவேடு இறங்கியது. அது இருந்த இடத்தில் ஒரு கை வந்து கண்ணாடியில் படிந்தது. தோல் இல்லாத உள்ளங்கை.

மூன்று விரலை விரித்துக் காட்டியது.

உள்ளே, இருட்டில், ஜாஸ்லினின் கைகள் வலது பக்கம் திருகிக்கொண்டே இருந்தன.